ஆறாவது உறை

வரப்போகும் கெடுதலை முன்கூட்டியே சொல்லி, அது வராமலும் தடுத்துவிட்ட ஒருவன் சொன்னது சரிதான் என்பதை எதை வைத்து நம்புவது? கெடுதல் வந்துவிட்டால் அவன் நல்ல வைத்தியன் இல்லை. வராமல் போனால் அவன் வெறும் வாய்ச்சொல்காரன். உடையப்பன் அபுதாபியின் முசஃபாவில் கழித்த பதினொரு வருஷமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடின. அவன் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் அத்தனை காலமும் படுத்துக் கிடந்தவன் கார்மேகம். இந்தக் கேள்வி அவனுக்கு வெகுநாள் தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு படுத்தால் புரண்டான், உட்கார்ந்தால் எழுந்தான். உடையப்பன் இப்போது ஓமானில், சலாலாவில் இருக்கிறான். வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறான். சாப்பாட்டைப் பற்றி, மழையைப் பற்றி, மகள் படிப்பைப் பற்றி எல்லாம் பேசுகிறான். கேட்க வேண்டியதைக் கேட்டால் மட்டும், "சரி, வைக்கட்டுமா?" என்று வைத்துவிடுகிறான்.

உடையப்பனுக்கு ஊர் இளையான்குடிக்குப் பக்கம். அப்பா கரிமூட்டம் போடுபவர். கருவேலங்கட்டைகளை அடுக்கி, மேலே மண் பூசி மூடி, உள்ளே நெருப்பை வைத்துவிட்டால் அப்புறம் உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது. புகையின் நிறம் மாறுவதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளையாக வந்தால் ஈரம் போகிறது. நீலம் தட்டினால் வெந்துவிட்டது. அதற்குமேல் ஒரு மணி நேரம் அசந்தால் எல்லாம் சாம்பல். பையன் அங்கேதான் வளர்ந்தான். அதனால்தான் அவனுக்கு அந்தக் கண் வந்தது என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அதே புகையைப் பார்த்து வளர்ந்த அவன் அண்ணன்மார் இருவருக்கும் எதிரே வரும் பஸ்ஸின் பலகையைக்கூட ஒழுங்காகப் பார்க்க வராது.

பத்தாவது படிக்கும்போதே பஜாரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சேர்ந்தான். முதல் வருஷம் பெட்டி பிரித்தான். இரண்டாம் வருஷம் டாக்டர் எழுத்தைப் படித்தான். மூன்றாம் வருஷம், கடைக்காரர் சாப்பிடப் போகும் நேரத்தில், ஊசியே போட்டான். கை லேசு என்று பேர் வந்தது. பிறகு மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் டிப்ளமோ சேர்ந்தான். அறுபது பேர் வகுப்பில் ஆண்கள் ஐந்து பேர். இரண்டாம் வருஷ முடிவில் ஒரு கிழவி கல்லூரி வாசலுக்கு வந்து, "ஊசி போடுற தம்பி இங்கதான படிக்குது?" என்று விசாரித்தாள். சனி, ஞாயிறுகளில் ஊருக்குப் போகும்போது அவள் புருஷனுக்கு அவன் ஊசி போட்டிருக்கிறான். ஆள் பிழைத்துக்கொண்டார். நன்றி சொல்ல ஒரு பை நிறைய நுங்கோடு வந்தவளை வாட்ச்மேன் நேரே முதல்வர் அறைக்குக் கூட்டிப்போய்விட்டான். படித்து முடிக்காதவன் ஊசி போடுவது குற்றம். அன்று மாலையே பெயரை எடுத்துவிட்டார்கள். ஒருவனைப் பாராட்டியே ஒழித்துக்கட்ட முடியும் என்பதை உடையப்பன் இருபத்தொரு வயதில் தெரிந்துகொண்டான்.

அதன்பிறகு ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் புண்ணுக்குக் கட்டுப்போட்டான். சந்தியாவைக் கல்யாணம் செய்தான். ஒரு மகள் பிறந்தாள். முப்பத்துமூன்று வயதில் ஹெல்பர் விசாவில் அபுதாபி வந்து, முசஃபாவில் எண்ணெய் டேங்க் செய்யும் ஒரு யார்டில் இறங்கினான். இரும்புத் தகடுகளை உருட்டி, வெல்டிங் செய்து, வீட்டளவு உயரமான டேங்குகளை நிமிர்த்தும் இடம். கார்மேகம் அதே வருஷம் வந்த கிரைண்டர்காரன், வெல்டிங் தையல்களைத் தேய்த்து வழவழப்பாக்குபவன். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள்.

வந்த முதல் கோடையிலேயே சமாசாரம் வெளியே தெரிந்துவிட்டது. டீ நேரத்தில் உடையப்பன் ஒரு பீகார்க்காரனைப் பார்த்து, "இவன உக்காரச் சொல்லுங்க, விழப்போறான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நாலடி நடந்து விழுந்தான். அந்த யார்டின் சேஃப்டி ஆபீசர் முகம்மது ரிபாய். இலங்கையில் காத்தான்குடிக்காரர், அதிகம் பேசாதவர். அவர் அன்றே உடையப்பனைக் கூப்பிட்டு, "உமக்கு எப்படி விளங்கினது?" என்று கேட்டார்.

"நேத்துச் சட்டையில உப்புக் கோடு இருந்துச்சு பாய். இன்னைக்குச் சட்டை காஞ்சு கிடக்கு. இந்த வெயில்ல வேர்க்கலன்னா உள்ள ஒண்ணும் மிச்சமில்லன்னு அர்த்தம்."

ரிபாய் அவனை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பி, முதலுதவிக்காரன் போடும் பச்சை ஹெல்மெட்டை வாங்கிக் கொடுத்தார். ஹெல்பர் வேலை போய், பேண்டேஜ் பெட்டியும் ஐஸ் பெட்டியும் கைக்கு வந்தன.

கொரோனா வந்தபோது கேம்பை அடைத்துவிட்டார்கள். மெஸ் வரிசையில் நிற்பவர்களைத் தூரத்தில் நின்று பார்த்து, "அந்தச் சிவப்புச் சட்டை, நாளைக்குக் காய்ச்சல்" என்பான். மறுநாள் அந்தச் சிவப்புச் சட்டையைத் தனி அறைக்கு மாற்றுவார்கள். அந்த நாலு மாதத்தில்தான் அவனுக்கு ஜோசியர் என்ற பேர் விழுந்தது. லீவு நாளில் அறை வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது.

"ஜோசியரே, எனக்குப் பையனா பொண்ணா?" என்று ஒருவன் கேட்டான்.

"நாக்க நீட்டு. காலையில இருந்து எத்தனை தம்ளர் தண்ணி குடிச்ச?"

"புள்ள எனக்கு இல்ல ஜோசியரே, பொண்டாட்டிக்கு."

"அப்ப அவளக் கூட்டிட்டு வா."

இப்படித்தான் முதலில் விரட்டினான். போகப்போக விரட்டவில்லை. ஒருவனிடம், "வியாழக்கிழமைக்குள்ள உன் லீவு வந்துரும்" என்றான். வந்தது. ஆபீசில் டிக்கெட் போடும் தாளில் அவன் பேரைப் பார்த்துவிட்டு வந்துதான் அப்படிச் சொன்னான் என்பது கார்மேகத்துக்குத் தெரியும். பதில் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா இருப்பதும், எதிரில் இருப்பவன் நகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பதும் அவனுக்குப் பழக்கமாயின. தலையை இருமுறை சீவிக்கொண்டு வெளியே வந்தான். இதெல்லாம் வேண்டாத வேலை. கண் உண்மையானது. அதைச் சுற்றி அவன் கட்டிய கூடாரம் அவ்வளவு உண்மையானதில்லை.

போன வருஷம் ஜூலை மாதம் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். இரண்டு டேங்குகள் தாமதமாகிக்கொண்டிருந்தன. காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிறுத்தி டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும். யார் எங்கே, என்ன ஆபத்து என்று ஃபோர்மேன் படிப்பார். அந்த வரிசையில் உடையப்பன் நடந்துபோய், "நீ இன்னைக்கு டேங்குக்குள்ள வேண்டாம், நீ நிழல்ல நில்லு" என்று இரண்டொருவரை ஒதுக்குவது வழக்கம். எழுத்தில் அவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது. ரிபாயின் வாய்ச்சொல்தான். புது மேனேஜர் இருவரையும் கேபினுக்குக் கூப்பிட்டார். நடந்ததை உடையப்பன் அன்று சாயங்காலம் அறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கார்மேகத்திடம் சொன்னான்.

"பத்து நாள்ல பதினோரு பேர நிறுத்தியிருக்க, ஒருத்தனுக்காவது ஏதாவது ஆச்சான்னு கேட்டாரு. நிறுத்துனதாலதான் சார் ஆகலன்னேன். நிறுத்தலன்னா ஆகியிருக்கும்கிறதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது?"

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதனால்தான் அதற்குப் பதில் இல்லாமல் போயிற்று. அவரே ஒரு வழியும் சொன்னார். ஆறு நாள். தினமும் காலையில் உடையப்பன் யார் விழுவான் என்று நினைக்கிறானோ அந்தப் பேரை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒட்டிய இடத்தின் மேல் ரிபாய் கையெழுத்துப் போட்டு மேசை டிராயரில் பூட்டுவார். தண்ணீர், ஓய்வு, மதிய இடைவேளை எல்லாம் எல்லாருக்கும் உள்ளதுபோல் உண்டு. ஆனால் உடையப்பன் யாரையும் நிறுத்தக் கூடாது, எச்சரிக்கக் கூடாது. கடைசியில் உறைகளைப் பிரிப்பார்கள். எழுதியது சரியாக இருந்தால், அவன் நில் என்றால் ஃபோர்மேனே ஆனாலும் ஆளை நிறுத்தியாக வேண்டும் என்று ஓர் உத்தரவு எழுத்தில் வரும். தவறாக இருந்தால் பச்சை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஹெல்பர். ரிபாய் மட்டும், "ஆளை விழ விட்டுப் பார்க்கிற விளையாட்டா சேர் இது?" என்று கேட்டிருக்கிறார். "தெரியாமல் தினமும் ஓர் ஆளை நிறுத்துவதும் விளையாட்டுத்தான்" என்று பதில் வந்தது.

"நீ ஒத்துக்கிட்டியா அண்ணே?" என்றான் கார்மேகம்.

"ஆறு நாள்தானடா. அதுக்கப்புறம் எவனும் என் பேச்சத் தட்ட முடியாது. எத்தனை கோடைக்கு எத்தனை பேரு, யோசிச்சுப் பாரு."

"ஆறு நாள்ல எவனாச்சும் விழுந்தா?"

"விழுந்தா நான் எழுதுனது சரின்னு ஆகும்."

"விழலன்னா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு ஆகும். நான் தகடு தூக்கப் போவேன்."

"அப்ப ஒருத்தன் விழணும்னு நீ சாமி கும்பிடணும்."

உடையப்பன் வெங்காயத்தைச் சட்டியில் தள்ளினான். "பருப்புக்கு உப்புப் போட்டியா இல்லையா, அதச் சொல்லு" என்றான்.

முதல் ஐந்து நாள் உடையப்பன் யார்டில் நின்றதைப் பார்த்தால் பாவமாக இருந்தது. டூல்பாக்ஸ் மீட்டிங்கில் வரிசையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். யாராவது பக்கத்தில் வந்தால் தண்ணீர் டிரம்மைத் திறந்து மூடினான். இரண்டாம் நாள் ஒருவன் வாந்தி எடுத்தான். நாலாம் நாள் ஒருவன் காலில் பிடிப்பு வந்து அரை நாள் உட்கார்ந்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. அறையில் யாரும் அவனிடம் ஜோசியம் கேட்க வரவில்லை. விஷயம் பரவியிருந்தது. தன் பேர் உறைக்குள் இருக்குமோ என்று ஒவ்வொருவனும் அவன் முகத்தைப் பார்த்தான். அவன் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் ராத்திரிச் சாப்பாடு கார்மேகத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முந்தின நாள் மீன் குழம்பு. விடிவதற்குள் ஆறு முறை போய்வந்தான். யாரிடமும் சொல்லவில்லை. டேங்கை முடித்துக் கொடுத்த கையோடு லீவு என்று ஃபோர்மேன் வாக்குக் கொடுத்திருந்தார். செப்டம்பரில் தம்பிக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் வயிறு என்று போய் நின்றால் லீவை வேறொருவனுக்கு மாற்றிவிடுவார்கள்.

ஆறாம் நாள் விடியற்காலை, குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கார்மேகத்தின் பக்கத்தில் உடையப்பன் வந்து நின்றான்.

"டேங்குக்குள்ள போகாத."

கார்மேகம் துப்பினான். "சொல்லக்கூடாதுன்னுதான அண்ணே பேச்சு?"

"யார்டுலதான் சொல்லக்கூடாது. இது ரூமு."

"என் பேரத்தான் எழுதப்போறியா?"

உடையப்பன் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "வயித்துல தண்ணி நிக்கல. உள்ள அம்பது டிகிரி இருக்கும். போகாத, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பஸ்ஸில் அவன் முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். யார்டில் இறங்கியதும் ரிபாயின் கேபினுக்குப் போனான். கண்ணாடி வழியாகக் கார்மேகம் பார்த்தான். மற்ற நாட்களில் நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன், அன்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு எழுதினான். ரிபாய் கையெழுத்துப் போட்டு டிராயரைப் பூட்டினார்.

மீட்டிங்கில் ஃபோர்மேன் முகம்மது சித்தீக் பேர் படித்தார். டேங்குக்குள் கிரைண்டிங், கார்மேகம்.

"பாய், வயிறு சரியில்ல" என்றான் கார்மேகம்.

"அஞ்சு நாளா இல்லாத வயிறு இன்னைக்கு எங்கேர்ந்துடா வந்துச்சு? இன்னும் ஒரு தையல்தான் பாக்கி. லீவு வேணுமா வேணாமா?"

"நெசமா முடியல பாய்."

வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "விடுங்க பாய், நான் போறேன். வயித்தப் புடிச்சிக்கிட்டு மாப்ள உள்ள உக்காந்தா டேங்குக்குத்தான் கேடு."

எல்லாரும் சிரித்தார்கள். குரல் அழகுமலையுடையது. அம்பத்தொரு வயது, பழைய கை. ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அவர் மனைவி வீரம்மாள் கொடுத்துவிட்ட சீடை இன்னும் அறையறையாகப் போய்க்கொண்டிருந்தது. ஊரிலிருந்து திரும்பிய முதல் பத்து நாள் உடம்பு இந்த வெயிலை மறந்திருக்கும், பழைய கைதான் முதலில் விழும் என்று உடையப்பன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். கார்மேகத்துக்கு அது அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தான்.

உடையப்பன் தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் நின்று அழகுமலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை மேலே எழுந்தது. நிறுத்தச் சொல்ல எழுந்த கையா, முகத்தைத் துடைக்க எழுந்த கையா என்று தெரியவில்லை. முகத்தைத்தான் துடைத்தது. அழகுமலை, "யல்லா, போவோம்" என்று சொல்லிக்கொண்டே டேங்கின் வட்ட வாசலுக்குள் தலையைக் குனிந்து நுழைந்தார். கார்மேகமும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். "மாமா, நான் சும்மா சொன்னேன்" என்றால் போதும்.

பத்து நாற்பதுக்கு டேங்குக்குள் கிரைண்டர் சத்தம் நின்றது. வாசலில் காவலுக்கு நிற்பவன் இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு விசிலை வாயில் வைத்தான். விசில் கேட்பதற்குள் உடையப்பன் பாதி தூரம் ஓடியிருந்தான். உள்ளே போய் இரண்டு பேரோடு அழகுமலையை இழுத்துக்கொண்டு வந்தான். உடம்பு அடுப்புப்போல் கொதித்தது. ஏதேதோ பேசினார். சட்டையை வெட்டி, தண்ணீர் ஊற்றி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸைக் கட்டி, ஃபேனைத் திருப்பி வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உடையப்பன் பக்கத்தை விட்டு நகரவில்லை. பிற்பாடு ஒன்று கார்மேகத்துக்கு உறைத்தது. ஐஸ் பெட்டி எப்போதும் கேபினுக்குள் இருக்கும். அன்று அது டேங்க் வாசலிலேயே இருந்தது.

அழகுமலை பிழைத்துக்கொண்டார். பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் கதை வேறு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சிறுநீரகம் அடிவாங்கியிருந்தது. வேலைக்கு இனி லாயக்கில்லை, ஊருக்குத்தான். விசாரணை முடியட்டும் என்று உறைகளைப் பிரிப்பதை மேனேஜர் பன்னிரண்டு நாள் தள்ளிவைத்தார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் கார்மேகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. உறைக்குள் தன் பேர் இருந்தால், தனக்கு வர வேண்டியது அழகுமலைக்குப் போயிற்று. உடையப்பன் ஒரு நண்பனைக் காப்பாற்றப் போய் இன்னொருவனை அங்கே அனுப்பிவிட்டான், தானும் அதற்குக் கூட்டு. அழகுமலையின் பேர் இருந்தால் அது இன்னும் மோசம். யார் விழுவான் என்று தெரிந்தே, அறைத்தோழனுக்கு மட்டும் குழாயடியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மற்றவனை உத்தரவுக்காக உள்ளே போகவிட்டிருக்கிறான். வேறு யார் பேராவது இருந்தால்? அப்போது அவனுக்கு ஒன்றுமே தெரியாது, பதினொரு வருஷமும் குருட்டாம்போக்கு. ஆனால் ஐஸ் பெட்டியை யார் வாசலில் வைத்தது? வெல்டிங் பொறிபோல ஒன்றிலிருந்து ஒன்று தெறித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அழகுமலை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மூஞ்சியத் தொங்கப்போடாத மாப்ள. நானாத்தான் போனேன். உன் வயிறு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு மாமா."

"அந்த வயித்துக்கு மால போடணும்." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "ஜோசியரு வந்தாரு. பேசல. நகத்தத் திருப்பிப் பாத்துட்டுப் போயிட்டாரு. என் பேரத்தான் எழுதியிருந்தாராடா?"

"தெரியல மாமா."

"தெரிஞ்சா சொல்லு. எழுதியிருந்தாலும் சொல்லு, இல்லன்னாலும் சொல்லு. யாரு மேல கோவப்படணும்னு தெரியாமப் படுத்துக் கெடக்கேன்."

அன்று சாயங்காலம் உடையப்பன் அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கார்மேகம் கதவைச் சாத்திவிட்டு நேரே கேட்டான்.

"யாரு பேரு அண்ணே?"

"பிரிக்கிறப்பத் தெரியும்."

"எனக்கு இப்பத் தெரியணும்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

உடையப்பன் காலரைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் தேய்த்தான்.

பதின்மூன்றாம் நாள் காலை கேபினுக்குக் கூப்பிட்டார்கள். விசாரணைத் தாளில் சாட்சிக் கையெழுத்துக்காகக் கார்மேகத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் ரிபாய் அவனைத் தனியே நிறுத்தினார்.

"அதுக்குள்ள அழகுமலைட பேர் இருந்தா வேலை முடிஞ்சது. உத்தரவு அடிச்சு வச்சிருக்கார், கையெழுத்துத்தான் பாக்கி. இனி உடையப்பன் சொன்னா யாரும் மறுக்க ஏலாது. எத்தனை பேர்ட உசிரு, யோசிச்சுப் பாரும்." அவர் குரலில் ஆசையும் வெட்கமும் கலந்திருந்தன. "எனக்கும் அது இருக்க வேணும்னு இருக்கு. அந்த மனுசன்ட பேர் இருக்க வேணும்னு நினைக்கிறதும் ஒரு நினைப்பா, சொல்லும்?"

மேனேஜரின் மேசையில் ஆறு உறைகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் இரண்டு தாள்கள். ஒன்று உத்தரவு. இன்னொன்று பழைய வேலைக்கு மாற்றும் தாள். மேனேஜர் ஒவ்வோர் உறையாகப் பிரித்துப் படித்தார். முதல் நாள், தவறு. இரண்டாம் நாள், வாந்தி எடுத்தவன் பேர், சரி. மூன்றாம் நாள், தவறு. நாலாம் நாள், கால் பிடித்துக்கொண்டவன், சரி. ஐந்தாம் நாள், தவறு.

"ஐந்தில் இரண்டு" என்றார். "தற்செயல் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இது ஒன்றுதான் நிஜமான விபத்து. இதில் பேர் சரியாக இருந்தால் நான் ஒத்துக்கொள்கிறேன்." ஆறாவது உறையை எடுத்து உடையப்பனிடம் நீட்டினார். "நீயே பிரி."

உடையப்பன் வாங்கினான். ஒட்டிய இடத்தில் ரிபாயின் கையெழுத்து அப்படியே இருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கார்மேகம் அவன் முகத்தையே பார்த்தான். பதினொரு வருஷம் மற்றவர்கள் முகத்தைப் படித்த முகம். அதில் படிக்க ஒன்றுமில்லை.

பிறகு உடையப்பன் நாலடி நடந்து கேபின் மூலைக்குப் போனான். அங்கே ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், வேண்டாத தாளைக் கிழித்துப்போடும் மெஷின் ஒன்று இருந்தது. பட்டனை அழுத்தினான். உறையை நிமிர்த்திப் பிடித்து உள்ளே விட்டான்.

"டேய், என்னடா செய்யிற?" என்று ரிபாய் எழுந்தார். அவர் மேசையைச் சுற்றி வருவதற்குள் மெஷின் தின்று முடித்துவிட்டது.

மேனேஜர் விசாரணைத் தாளை இழுத்துக்கொண்டார். "பேர் இல்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம் சார்."

பச்சை ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே இருந்த வேர்வையைச் சட்டைக் கையால் துடைத்து, உத்தரவுத் தாளின் மேல் வைத்தான். மற்ற தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கார்மேகத்தின் பையிலிருந்த பேனாவை எடுத்தான்.

"எங்க சார் கையெழுத்து?"